ரொட்டிக்கடை வரிசையில் ஒரு நிழல்

பிரான்சின் தென்மேற்கே, வால்நட் தோப்புகளும் சுண்ணாம்புக்கல் வீடுகளும் பாதி நாள் மூடுபனிக்குள்ளேயே கிடக்கும் சொமேயாக் என்ற சின்னக் கிராமத்தில், பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஃபிர்மேன் காணாமல் போன சில நாட்கள் கழித்து, அவருடைய நிழல் மட்டும் தனியாக ரொட்டிக்கடைக்கு வந்து, முன்னால் நின்றவரை இடிக்காமல், பின்னால் நின்றவரை மறைக்காமல், தன் முறை வரும்வரை கல்தரையில் பேசாமல் கிடந்தது. விடைத்து நின்ற காதுகளும், பால் கேன் தூக்கித் தூக்கி ஒரு பக்கம் இறங்கிப்போன தோளும் இருந்ததால் யாருடைய நிழல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைக்காரர் வழக்கம்போல் ஒரு நீள ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி மேடையில் வைத்தார்; நிழலுக்குக் கை இருந்ததே தவிர எடுக்க வலு இல்லை என்பதால், அடுத்து நின்ற பெண் அதை எடுத்துப் போய் ஃபிர்மேனின் மனைவி ஒதிலிடம் கொடுத்தாள்.

முதல் வாரம் ஊரார் கொஞ்சம் தடுமாறினார்கள். ஒரு நிழலிடம் எப்படி நடந்துகொள்வது என்ற முறை அவர்களுக்குத் தெரியவில்லை. மிதிக்கலாமா கூடாதா, அதன் மேல் சைக்கிள் விடலாமா, துணி காயப்போட்டால் துணியின் நிழல் அதன் முகத்தில் விழுமே என்று ஆளுக்கொன்று பேசி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார், "ஃபிர்மேன் இருந்தபோது அவரை எப்படி நடத்தினீர்களோ அப்படியே நடத்துங்கள்" என்று சொல்லிவிட, ஊரார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சீட்டாட்டத்தில் அதற்கும் சீட்டுப் போட்டார்கள், அது ஏமாற்றுகிறது என்று சண்டை பிடித்தார்கள், இரும்புக் குண்டு உருட்டும் மைதானத்தில் அது குறுக்கே வந்தால் பழையபடியே வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினார்கள். பெர்த் என்ற அம்மாளின் காபிக்கடையில் ஜன்னலோர மேசையில் அதற்கென்று ஒரு சின்னக் கிளாஸ் ஒயின் வைக்கப்பட்டது. அதை யார் குடிக்கிறார்கள் என்று பெர்த்தும் கேட்டதில்லை, குடித்தவரும் சொன்னதில்லை. ஒதில் மட்டும், நிழல் தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டும்போதெல்லாம், "காலைத் தொடச்சிட்டு உள்ள வாங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்ததையே சொன்னாள். புருஷன் செத்துவிட்டாலும் தன்னை விட்டுப் போக மனமில்லாமல் நிழலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று அவள் நம்பினாள், அந்த நம்பிக்கையில் அவள் முகம் கொஞ்சம் பொலிவாகக்கூட இருந்தது.

ஆனால் ஊருக்குப் போதுமானது சட்டத்துக்குப் போதாது. ஃபிர்மேனின் வண்டி காட்டோரக் குளக்கரையில் கதவு திறந்தபடி நின்றிருந்தது, தொப்பி குளத்தில் மிதந்தது, அன்று விடியற்காலை அந்தக் காட்டிலிருந்து சேறு படிந்த பூட்ஸோடும் துணி போட்டு மூடிய கூடையோடும் கஸ்தோன் என்ற கிழவர் வெளியே வந்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள்.

இங்கே காளானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் இலை உதிரத் தொடங்கியதும் ஓக் மரத்தடியில் தடித்த தண்டும் பழுப்புக் குடையுமாக ஒரு காளான் முளைக்கும். பூண்டும் வெண்ணெயும் போட்டு வதக்கினால் கோபத்தில் இருக்கும் மாமியாரும் இறங்கி வந்துவிடுவாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் காட்டுக்குள் ஒரு ரகசிய இடம் உண்டு. அப்பன் சாகும் தறுவாயில்தான் பிள்ளையின் காதில் அதைச் சொல்வான், சில அப்பன்மார் அப்போதும் மனசு வராமல் கண்ணை மூடிவிடுவார்கள். கஸ்தோனுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை, ஊரிலேயே நல்ல இடம் மட்டும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஃபிர்மேன் வருஷக்கணக்காக, வண்டியின் விளக்கை அணைத்துவிட்டு, மரத்துக்கு மரம் ஒளிந்து, அவர் பின்னாலேயே அலைந்தார். போன கோடைத் திருவிழாவில் கஸ்தோன் ஊர் நடுவில் நின்று, "இன்னொரு தடவை என் பின்னால வந்தே, உன்னையே காளானுக்கு உரமாப் போட்டுடுவேன்" என்று கத்தியதைக் கேட்காத காது ஊரில் கிடையாது.

இந்த வழக்கை விசாரித்தவர் நம் காரைக்கால்காரர். தைரியநாதன் என்ற பெயர் சொமேயாக்கின் வாயில் நுழையாமல் 'தியெரி' ஆகிவிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை வழிவழியாக வந்த குடும்பம், இளவயதில் கப்பலேறி, நாட்டுப்புறக் காவல்படையில் சேர்ந்து, பத்தொன்பது வருஷமாக இந்த மூடுபனிக்குள்தான் இருந்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரர், ஒரே ஒரு விசித்திரம், எங்கும் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் ஊர் ஞாபகம் வரும் என்பார். பெர்த்தின் கடையில் மேடையோரம் நின்றபடியே காபி குடிப்பார். குளிர் அதிகமான நாட்களில், "எங்க கடற்கரையில உச்சி வெயில் நட்டுக்குத்தலா விழும், மனுஷன் தன் நிழல் மேலயே நிப்பான்" என்று சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுச் சீட்டைப் போடுவார்கள். ஃபிர்மேன் ஒருவர்தான் சீட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டவர்.

கொலைச் சந்தேகத்தில் பக்கத்து நகரத்துச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த கஸ்தோனைத் தைரியநாதன் போய்ப் பார்த்தார்.

"அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"காட்டுல."

"காட்டுல எந்த இடம்?"

"மரம் இருக்கிற இடம்."

"இடத்தைச் சொன்னா நான் போய்ப் பார்ப்பேன் ஐயா. ராத்திரி மழைக்கு அப்புறம் பதிஞ்ச உங்க பூட்ஸ் தடம் இருக்கும், நீங்க அறுத்த தண்டு இருக்கும். குளம் ஒரு கோடி, நீங்க ஒரு கோடின்னு ஆகிடும். வெளிய வந்துடலாம்."

கஸ்தோன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நான் சொன்னா நீங்க டைப் அடிப்பீங்க. டைப் அடிச்சா குமாஸ்தா படிப்பான். குமாஸ்தாவோட மச்சான் நம்ம ஊர்ல பொண்ணு கட்டியிருக்கான். மறுநாள் ஊரே கூடையோட அங்க நிக்கும்."

"உங்க வயசுக்கு உள்ள போனா திரும்பி வரமாட்டீங்க."

"வரமாட்டேன். அந்த இடமும் என்கூடவே வந்துடும்."

இதைக் கேட்டு ஊரார் மனம் உருகிப்போனார்கள். கொலை செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் கஸ்தோன் கௌரவமான மனிதர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, அவர் உள்ளே இருக்கும்வரை தவறிப்போய்க்கூட அந்த இடம் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று காட்டுக்குள் போவதையே நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம்போல் எந்த வருஷமும் காளான் முளைத்ததில்லை, அத்தனையும் மரத்தடியில் அழுகியது, அந்த வாசனை ஊர்வரை வந்தபோதும் ஒருவரும் கூடையை எடுக்கவில்லை. கிழவரின் உயிர் போகப்போகிறது, ஊரே தொப்பியைக் கழற்றி வழிவிடுகிறது என்று தைரியநாதனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

வேறு சாட்சி இல்லாததால் அவர் நிழலையே பின்தொடர்ந்தார். காலையில் ரொட்டிக்கடை, பிறகு ஒதில் வீடு, பிறகு சீட்டாட்டம், பிறகு பெர்த்தின் கடை என்று அது போன இடமெல்லாம் இவரும் போய் நின்றார், நிற்பதுதான் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊரார் எல்லாரும் தினம் பார்த்தும் யோசிக்காமல் விட்ட ஒன்று அவர் கண்ணில் பட்டது. சூரியன் அப்போதுதான் மலைமேட்டில் தலைகாட்டி, மற்றவர்களின் நிழலெல்லாம் தெருவைத் தாண்டி எதிர்ச்சுவரில் ஏறிக்கொண்டிருந்த காலை வேளையில், ஃபிர்மேனின் நிழல் மட்டும் கீழே போட்ட தொப்பிபோல் ஒரே இடத்தில் சுருண்டு கிடந்தது. ஊருக்கு வெயில் ஏற ஏற அது நீண்டது. மதியச் சாப்பாட்டுத் தட்டு கழுவும் நேரத்தில், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, வாய்க்கால்போல் நீண்டு மங்கிக் காணாமல் போனது.

"அந்த மனுஷன் எப்பவும் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்கப் போயிடுவாரே" என்றாள் பெர்த்.

நடுவில் சில நாட்கள் சொமேயாக்கில் மேகமே இல்லாமல் வெயில் அடித்தும் நிழல் வரவில்லை. சண்டை போட்டதால் கோபித்துக்கொண்டது என்று சீட்டாட்டக்காரர்கள் வருந்தினார்கள். தைரியநாதன் மட்டும் நாள்காட்டியைப் பார்த்தார். காரைக்காலில் இது ஐப்பசி, அடைமழை.

அங்கே மழை விட்ட மறுநாள் நிழல் திரும்பி வந்தது. மதியம், நீண்டு மங்கப்போகும் நேரத்தில், அதன் இடது கையில் கூம்பாக ஏதோ இருந்தது. வலது கை அதற்குள் போவதும் வாய்க்கு வருவதுமாக இருந்தது. பூசை மெழுகுவர்த்தி, தன் பாவத்துக்கு வேண்டிக்கொள்கிறார் என்றாள் ஒதில். ஐஸ்கிரீம் என்றார் கடைக்காரர். மெழுகுவர்த்தியை யாரும் கிள்ளித் தின்பதில்லை, ஐஸ்கிரீமுக்குள் யாரும் விரலை விடுவதில்லை என்று தைரியநாதனுக்குத் தெரியும். அது காகிதப் பொட்டலம். உள்ளே இருந்தது மாங்காயும் தேங்காயும் போட்ட சுண்டல். அந்த நிழலை விழவைத்த வெயில், இங்கே மதியமாக இருக்கும்போதே கடற்கரையில் சாயங்காலமாகச் சாயும் தமிழ்நாட்டுப் பக்கத்து வெயில்.

அன்றே அவர் விசாரணை நீதிபதி மதாம் வலாதியேவிடம் போய் நின்றார். ஃபிர்மேன் சாகவில்லை, நிழலை இங்கே விட்டுவிட்டு எங்கள் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் சுண்டல் தின்றுகொண்டிருக்கிறார் என்றார். அவர் பிறந்ததிலிருந்து இந்த ஜில்லாவைத் தாண்டியதில்லை என்று ஊரே சத்தியம் செய்ததால் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்றும் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நிழலைப் பற்றி அவருக்கும் ஆச்சரியம் எதுவும் இல்லை, அவர் கவலையெல்லாம் சட்டத்தைப் பற்றித்தான்.

"ஒரு மனிதர் இருந்த இடத்தில் அவருக்குப் பிறகு மிஞ்சுவதைச் சட்டம் சடலம் என்கிறது, முசியே. நிழல் மிஞ்சியிருக்கிறது. கடற்கரை என்கிறீர்கள், எந்தக் கடற்கரை என்று தெரியாது. உயிரோடு இருக்கும் ஒருவருடைய நிழல் வேறு ஊரில் தனியாக வாழ்ந்ததற்கு ஒரே ஒரு உதாரணம் கொண்டுவாருங்கள், கஸ்தோனை விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கு அடுத்த வாரம் பெரிய கோர்ட்டுக்குப் போகும்."

தைரியநாதன் மறுநாள் முற்பகலில் பெர்த்தின் கடையில் வழக்கமான இடத்தில் நின்று, ஆறிப்போன காபியை வெறித்துப் பார்த்தார். "உதாரணம் வேணுமாம். நிழல் இல்லாத மனுஷனுக்கு நான் எங்க போவேன்?"

பெர்த் கிளாஸ் துடைப்பதை நிறுத்தினாள். சீட்டாடியவர்கள் திடீரென்று கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் செருமினார்.

"ஏன் முசியே தியெரி, நீங்கதான் இருக்கீங்களே" என்றாள் பெர்த்.

"நான் இருக்கேன், சரி..."

"உங்களுக்குத்தான் நிழல் கிடையாதே."

பெர்த் முகம் சிவந்துபோய்த் தொடர்ந்தாள். "நீங்க இந்த ஊருக்கு வந்த அன்னிலேர்ந்தே கிடையாது. உங்க நாட்டு வழக்கம்போல இருக்குன்னு நெனச்சோம். அடுத்தவங்க உடம்பைப் பத்திக் கேக்குறது மரியாதை இல்லையே. நாங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் கேக்காம இருந்தோம்."

தைரியநாதன் தெருவுக்குப் போனார். நல்ல வெயில். விளக்குக் கம்பத்துக்கு நிழல் இருந்தது, நாய்க்கு இருந்தது, நாயின் வாலுக்குக்கூட இருந்தது. பத்தொன்பது வருஷம் ஊரார் காலடித் தடத்தையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்த மனிதர், அன்றைக்குத்தான் தன் காலடியைப் பார்த்தார். வெறும் கல்தரை, வெயில், அவ்வளவுதான். திரும்பி உள்ளே வந்து, காரைக்காலுக்குத் தொலைபேசியைச் சுழற்றினார். அங்கே எடுத்தது அவருடைய அக்கா அமலோற்பவம்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. என் நிழல்..."

"ஏன்டா தம்பி, ரெண்டு நாளா நீ வரலியே, அங்க ஒரே மூட்டமா?"

அவர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"இதோ இன்னிக்கு வந்துட்டே, வாசல்லதான் நிக்கிறே" என்றாள் அக்கா, கொத்தமல்லி விலை சொல்வதுபோல. "நீ கப்பலேறின வாரமே வந்துட்டியேடா. இங்க விளக்கு வைக்கிற நேரத்துலயும் உனக்கு வெயில் அடிக்கும், ஊரே இருட்டினப்புறமும் நீ மட்டும் வாசல்ல நிப்பே. பேயோன்னு முதல்ல பயந்தோம், அப்புறம் தெருவே பழகிடுச்சு. ஓட்டுப் போட உன் பேரைக்கூடக் கூப்பிட்டுப் பாத்தாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் நிழலு, உனக்குத் தெரியாதா? அம்மா தெனம் உனக்கு நாற்காலி போட்டு வெப்பா. நீ உக்காரவே மாட்டே, நின்னுக்கிட்டே இருப்பே. 'என்ன அவசரமோ எம்புள்ளைக்கு, நிக்கிறான் பாரு'ன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தா. நாற்காலி இன்னும் வாசல்லயே கிடக்கு. அவளத் தூக்கினப்ப நாலு பேருக்கு நடுவுல நீயும் கல்லறைவரைக்கும் நடந்து வந்தே. அதனாலதான் நீ வரலன்னு நான் உன்கிட்ட ஒருநாளும் கோவிச்சுக்கல."

அம்மா இறந்தபோது ஒரு திருட்டு வழக்கை விட்டு வர முடியாமல், சவ அடக்க நேரம் முழுக்க இதே ஊர்த் தெருவில் அவர் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சீட்டாட்டக்காரர்கள் மறுபடியும் கூரையைப் பார்த்தார்கள்.

"அழாதடா" என்றாள் அக்கா. "அது இருக்கட்டும், நீ அனுப்பின வெள்ளைக்காரர் இங்க நல்லா இருக்காரு."

"யாரு?"

"தொப்பி போடாம வந்து நின்னாரே, ஒரு தோள் எறங்கினவரு. உன் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தாரு, நீதான் அனுப்பினேன்னு நெனச்சோம். அவருக்கு ஆள் இருக்கு நிழல் இல்ல, உனக்கு நிழல் இருக்கு ஆள் இல்ல. ரெண்டு பேரும் வாசல்ல ஒண்ணாத்தான் இருப்பீங்க. சாயந்திரமானா கடற்கரைக்குப் போய் சுண்டல் வாங்கித் தின்பாரு. இரு, கூப்பிடறேன்."

அப்படித்தான் ஃபிர்மேனின் குரல் பெர்த்தின் கடைக்குள் வந்தது, அதை முதலில் தைரியநாதனும், பிறகு ஓடிவந்த ஒதிலும், மறுநாள் காரில் வந்திறங்கிய நீதிபதியும் கேட்டார்கள். காலமெல்லாம் ஒரு கிழவர் பின்னால் ஒளிந்து ஒளிந்து போய் அலுத்துவிட்டது, யார் பின்னாலும் போகாமல், தன் பின்னாலும் எதுவும் வராமல் ஒருநாளாவது நிற்க ஆசையாக இருந்தது, தொப்பி குளத்தில் விழுந்ததை எடுக்கச் சோம்பல், அவ்வளவுதான் என்றார். நிழல் பின்தங்கிவிட்டது விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரியுமாம். கஸ்தோன் சிறையில் இருப்பதைக் கேட்டதும் அவர் குரல் உடைந்தது.

ஒதில் ரிசீவரை வாங்கினாள். "சாப்பாடு ஒத்துக்குதா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பெர்த்தின் அடுப்பங்கரையில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி, "வர்றதும் வராததும் அவர் இஷ்டம். நிழல் இங்கயே இருக்கட்டும், அது வீட்டைக் குப்பையாக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு நிழல் நிலைப்படியைத் தாண்டியபோது அவள் காலைத் துடைக்கச் சொல்லவில்லையாம்.

நீதிபதி அம்மாள் தைரியநாதனைச் சதுக்கத்து வெயிலில் நிற்கவைத்து, ஒருமுறை சுற்றிவந்து பார்த்து, காரின் மேல் வைத்தே விடுதலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

கஸ்தோன் திரும்பி வந்தபோது காளான் காலம் முடிந்திருந்தது. அவர் நேராகக் காட்டுக்குப் போய், தன் இடத்தைப் பார்த்துவிட்டு, இலையெல்லாம் மிதிபடாமல் கிடந்ததை வந்து சொல்லி, ஊரார் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் முற்பகலில் குளிரும் வெயிலும் கலந்திருந்தது. தைரியநாதன் வழக்கம்போல் மேடையோரம் நின்று காபி குடிக்க உள்ளே நுழையப் போனபோது, கஸ்தோன் ஒரு மர நாற்காலியைத் தெருவுக்கு இழுத்துவந்து, வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்துப் போட்டு, உட்காரும் பலகையைத் தன் சட்டைக் கையால் துடைத்தார்.

"உட்காருங்க முசியே தியெரி."

"எனக்குப் பழக்கமில்ல ஐயா."

"எனக்குக்கூடத்தான் ஜெயில் பழக்கமில்ல. உட்காருங்க."

அவர் காவல் தொப்பியைக் கழற்றினார். நாற்காலியின் கையைத் தொட்டுப் பார்த்தார். மெல்ல, முதலில் விளிம்பில், பிறகு முழுசாக, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. கல்தரையில் நாற்காலியின் நிழல் காலியாகக் கிடந்தது.

கடைக்குள் தொலைபேசி மணி அடித்தது. பெர்த் ஒயரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து ரிசீவரை அவர் காதில் வைத்தாள். காரைக்கால் தெருவில் போகும் சைக்கிள் மணி கேட்டது, காக்கை கத்துவது கேட்டது, அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"தம்பி" என்றாள் கடைசியில். "அம்மா போட்ட நாற்காலியில உக்காந்துட்டேடா."

"ஆமாக்கா" என்றார் தைரியநாதன். "கொஞ்ச நேரம் இருப்பேன்."